சோள ரொட்டியும் சோயா சாஸும்: மளிகைக்காரருக்கு இதில் என்ன வேலை?

மாதச் சாமான் சீட்டில் இப்போதெல்லாம் சில புதுப் பெயர்கள் தலைகாட்டுகின்றன. துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம் என்று வழக்கம்போல இறங்கிவரும் சீட்டின் அடியில், வீட்டுப் பிள்ளைகளின் கையெழுத்தில், ஆரிகனோ, ஹலபீனோ, டார்ட்டியா, சோயா சாஸ், ஸ்ரீராச்சா என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றே. அந்த வரிகளின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து, ‘இது நம்மகிட்ட இல்லைங்க, பெரிய கடையில பாருங்க’ என்று அனுப்பிவிடுகிறோம். அப்படிப் பெரிய கடைக்குப் போகிறவர் அந்த நாலு சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவாரா? துவரம்பருப்பையும் அங்கேயே கூடையில் போட்டுக்கொள்வார். அடுத்த மாதம் சீட்டே நமக்கு வராது.

இதெல்லாம் வசதி படைத்த வீட்டுச் சமாசாரம், இரண்டு வருடத்தில் ஓய்ந்துவிடும் என்று எண்ணும் அன்பர்கள் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. ஆசியச் சமையலும் ‘டெக்ஸ்-மெக்ஸ்’ என்று சொல்லப்படும் சமையலும் அமெரிக்காவில் எப்படிக் கலந்தன என்று எடுத்துப் பார்த்தால், அதைத் தொடங்கியவர்கள் நட்சத்திர ஓட்டல்காரர்கள் அல்லர். சிறு கடைக்காரர்கள், வண்டிக்கடைக்காரர்கள், அகதியாக வந்து தொழில் போட்டவர்கள் என்பது தெரியவரும். லாபம் அவர்கள் கையில் நின்றதா என்பது வேறு கேள்வி. அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. கொடி மாறியதே தவிர, மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள், அடுப்பும் அங்கேயேதான் இருந்தது. மெக்சிகரின் மிளகாய், பீன்ஸ், சோள ரொட்டி ஆகியவற்றோடு டெக்சாஸ் பண்ணைகளின் மாட்டிறைச்சி, கோதுமை மாவு, மஞ்சள் நிறப் பாலாடைக்கட்டி, தாராளமாகச் சீரகம் சேர்ந்து உருவானதே டெக்ஸ்-மெக்ஸ். சீரகத்தை, 1731-ல் கேனரி தீவுகளிலிருந்து சான் அண்டோனியோ நகரில் குடியேறியவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்த ஊர்ச் சதுக்கங்களில் மாலை வேளையில் மெக்சிகப் பெண்கள் பலகை போட்டு, விளக்கேற்றி, மிளகாயில் வெந்த இறைச்சிக் குழம்பை விற்றார்கள். ‘சில்லி ராணிகள்’ என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தேடிப்போய்ச் சாப்பிட்டார்கள். 1930களில் சுகாதார விதி என்று நெருக்கத் தொடங்கி, 1940களில் அந்தக் கடைகளே இல்லாமல் போயின. நடைபாதை வியாபாரத்துக்கு என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் குழம்பின் காரத்தைப் புட்டியில் அடைத்து விற்றவர் வேறொருவர். டெக்சாஸில் நியூ ப்ரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் சிற்றுண்டிக்கடை வைத்திருந்த வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர். மிளகாய் கிடைக்கும் பருவத்தில் மட்டும் குழம்பு விற்றால் போதுமா என்பது அவர் கவலை. 1890களில் மெக்சிகோவிலிருந்து வற்றலை வரவழைத்து, சீரகம், ஆரிகனோ போன்றவற்றோடு சேர்த்து அரைத்து, கழுகு முத்திரை போட்டு விற்றார். பிறகு சான் அண்டோனியோவில் தொழிற்சாலையே வைத்தார்.

நம் கல்லாவில் உட்காருகிறவர் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சமையல் குறிப்பில் வரும் ‘சில்லி பவுடர்’ நம் மிளகாய்த்தூள் அல்ல. மிளகாயோடு சீரகமும் பூண்டும் ஆரிகனோவும் கலந்த பொடி அது. காரம் நம்முடையதில் பாதிகூட இருக்காது. குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி என்று இருக்கிறதே என்று நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்த் தூளை அதே அளவு போட்டவர் தண்ணீர்க் குடத்தைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். மறுநாள் ‘உங்க கடைத் தூள் சரியில்லை’ என்று நம்மிடம்தான் சண்டைக்கு வருவார்.

ஆசியச் சுவை இந்தச் சமையலோடு ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது? சரக்கைப் பார்த்தாலே தெரிகிறது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், ராஜ்மா எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து கப்பலேறி ஆசியாவுக்கு வந்தவை. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அங்கிருந்து வெள்ளி வந்தது. இங்கிருந்து பட்டும் வாசனைச் சரக்கும் போயின. மாம்பழம் அந்த வழியில் போனதுதான். மெக்சிகோவில் ஒரு மாம்பழ வகைக்கே மணிலா என்று பெயர். வெளியிலிருந்து போய் அங்கே வேரூன்றிய இன்னொன்று புளி. புளித் தண்ணீரைக் குளிர்பானமாகவும், மிளகாய்த்தூள் தூவிய புளியை மிட்டாயாகவும் மெக்சிகோவில் விற்கிறார்கள். கொத்தமல்லித் தழை, எலுமிச்சை, பச்சை மிளகாய் மூன்றும் இல்லாவிட்டால் அவர்களுக்கும் சமையல் ஓடாது, தாய்லாந்துக்காரருக்கும் ஓடாது, நமக்கும் ஓடாது. ஒரே சரக்கு, வேறு வேறு கை. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மெக்சிகச் சமையலுக்கு டெக்சாஸைப்போலவே இன்னொரு பெரிய வீடு கலிபோர்னியா. ஆசியரும் மெக்சிகரும் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்ததால் கலப்பு அங்கேதான் முதலில் சூடுபிடித்தது. அதில் நம் நாட்டவருக்கும் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து பண்ணை வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1913-ல் வந்த கலிபோர்னியச் சட்டம் அவர்களைப் போன்ற ஆசியர் நிலம் வாங்குவதைத் தடுத்தது; 1917-ன் குடிவரவுச் சட்டம் ஊரிலிருந்து உறவினரை அழைத்துவரும் வழியை அடைத்தது. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கவும் தடை. எனவே இம்பீரியல் பள்ளத்தாக்கு, யூபா சிட்டி போன்ற இடங்களில் பலர் மெக்சிகப் பெண்களை மணந்தார்கள். ஒரே அடுப்பில் ரொட்டியும் வெந்தது, டார்ட்டியாவும் வெந்தது. யூபா சிட்டியில் அப்படிப்பட்ட ரசூல் குடும்பம் 1954-ல் ‘எல் ராஞ்செரோ’ என்ற உணவு விடுதியைத் திறந்தது. மெக்சிகப் பண்டங்களோடு கோழிக்குழம்பும் உண்டு. டார்ட்டியாவுக்குப் பதில் ரொட்டியில் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் வைத்து மடித்து ‘ரொட்டி கேசடியா’ என்று போட்டார்கள். 1993 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஓடிய கடை அது. ‘ஃப்யூஷன்’ என்று இன்று ஓட்டல் பலகையில் பெரிதாக எழுதுகிறார்களே, அந்தச் சொல் அந்த வீட்டாருக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டில் சமைத்ததைக் கடையில் போட்டார்கள்.

அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே கொரியாடவுன் என்ற பகுதி பெயரளவில்தான் கொரியர் பேட்டை. குடியிருப்பவர்களில் கொரியரைவிட லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்களே அதிகம். கொரிய ஓட்டல்களின் சமையற்கட்டில் கறி வெட்டுகிறவரும் பாத்திரம் துலக்குகிறவரும் பலர் மெக்சிகரே. 1992 ஏப்ரல் கடைசியில் அந்நகரில் மூண்ட கலவரத்தில் கொரியர்களின் கடைகள் 2,000-க்கும் மேல் சூறையாடப்பட்டன அல்லது எரிந்தன. மளிகை, மதுபானம், துணி என்று எல்லாம் சிறு கடைகள். கடைக்காரர் ஓர் இனம், வாங்குகிறவர் வேறோர் இனம், நடுவே குண்டு துளைக்காத கண்ணாடித் தடுப்பு என்று வியாபாரம் நடந்த தெருக்கள் பல அவற்றில் இருந்தன. சமையல் பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். 16 ஆண்டுகள் கழித்து அதே நகரின் இரவுத் தெருக்களில் எல்லா இனத்தாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே பண்டத்தை வாங்கித் தின்றார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

அந்தப் பண்டம் கொரிய டாக்கோ. 2008 நவம்பரில் ‘கோகி’ என்ற உணவு வண்டி ஓடத் தொடங்கியது. யோசனை மார்க் மங்குவேரா என்பவருடையது. சமைத்தவர் ராய் சோய். சோல் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு அப்போது சும்மா இருந்தவர். சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெயில் ஊறிய விலாக்கறியைச் சுட்டு, சோள டார்ட்டியாவில் வைத்து, மேலே வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, காரச் சாறில் புரட்டிய கோஸ். விலை சுமார் 2 டாலர். அது பண நெருக்கடி வருடம். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் மேசைகள் காலியாகக் கிடந்தன. வண்டி இன்ன தெருவில் நிற்கும் என்று ட்விட்டரில் அறிவிப்பார்கள், வருவதற்கு முன்பே கூட்டம் நிற்கும். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 2010-ல் ஜே கிம் என்ற இன்னொரு கொரியர் ‘சிலாண்ட்ரோ’ என்று வண்டி போட்டார். மிஞ்சிப்போன கிம்ச்சியைத் தூக்கி எறிய மனமில்லாமல் வதக்கி, உருளைக்கிழங்கு வறுவலின் மேல் போட்டுப் பார்த்தார். அந்தக் கிம்ச்சி வறுவல்தான் அவர் கடையின் பெயர்போன பண்டமாயிற்று. மிஞ்சிய சரக்கைக் காசாக்குவது வியாபாரியின் பிறவிக் குணம், ஆஸ்டினில் இருந்தால் என்ன, ஆற்காட்டில் இருந்தால் என்ன!

இந்த வண்டிகளுக்கு முன்னமே வேலையைத் தொடங்கியவர்கள் மளிகைக்காரர்கள் என்பது நம் கருத்து. லாஸ் ஏஞ்சல்ஸின் கொரிய மளிகைக் கடைகளில் கிம்ச்சி ஜாடிக்கு அருகிலேயே டார்ட்டியா கட்டும் மெக்சிக வற்றலும் அடுக்கியிருக்கும். வாங்க வருகிறவர் மெக்சிகர் என்றால் அவர் கேட்பதை வைத்துத்தானே ஆகவேண்டும்? ஒரே அலமாரியில் இரண்டு ஊர்ச் சரக்கு இருந்தால், ஒரே கூடையில் இரண்டும் விழும். ஒரே வாணலியிலும் விழும்.

ஆனால் இந்தக் கதையில் நம் வணிகர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய அத்தியாயம் ஸ்ரீராச்சா சாஸ். டேவிட் டிரான் என்பவர் வியட்நாமில் வாழ்ந்த சீன வம்சாவளியினர். போருக்குப் பின் அகதியாக ஒரு சரக்குக் கப்பலில் புறப்பட்டார். அந்தக் கப்பலின் பெயரையே தம் தொழிலுக்கு வைத்து, 1980-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஹுய் ஃபோங்’ என்ற மிளகாய்ச் சாஸ் கம்பெனியைத் தொடங்கினார். தாமே வேனில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டார். சாஸின் பெயர் தாய்லாந்தின் சி ராச்சா என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தது. அதில் போட்ட மிளகாயோ பழுத்துச் சிவந்த ஹலபீனோ, அதாவது மெக்சிகரின் மிளகாய். அங்கே கிடைத்ததை வைத்துச் செய்தார். வியட்நாமிய நூடுல்ஸ் கடைக்கென்று செய்த சாஸ் நாளடைவில் டாக்கோ வண்டிக்கும், அமெரிக்க வீடுகளின் சாப்பாட்டு மேசைக்கும் போயிற்று. சேவல் படம், பச்சை மூடி. விளம்பரத்துக்கு என்று அவர் செலவு செய்யவில்லை.

இரண்டு காரியங்களை அவர் செய்யாமல் விட்டார். முதலாவது, சேவல் படத்தைப் பதிவு செய்தவர், ஸ்ரீராச்சா என்ற சொல்லைத் தமக்கென்று முத்திரைப் பதிவு செய்துகொள்ளவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் அதே பெயரில் தத்தம் சாஸைக் கொண்டுவந்தன. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இலவச விளம்பரம் என்று விட்டுவிட்டார். அது அவர் பெருந்தன்மை, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு தொக்கோ பொடியோ பெயரெடுத்த பின், பக்கத்து மாவட்டத்தில் அதே பெயரில் இன்னொரு பாக்கெட் வருவதைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். கலிபோர்னியாவின் அண்டர்வுட் பண்ணையிடம் 1988 முதல் அவர் மிளகாய் வாங்கினார். கம்பெனி வளர வளரப் பண்ணையும் வளர்ந்து, சுமார் 1,700 ஏக்கரில் அவருக்காகவே மிளகாய் போட்டது. 28 ஆண்டு உறவு, பெரும்பாலும் வாய்வார்த்தையில் ஓடிய ஏற்பாடு. 2016-ல் முன்பணக் கணக்கில் தகராறு மூண்டு உறவு அறுந்தது. 2019-ல் ஜூரி, கம்பெனி பண்ணைக்கு 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பண்ணைக்கு அவ்வளவு பெரிய வாடிக்கை போயிற்று. கம்பெனிக்கு நம்பகமான வரத்து போயிற்று. பிறகு மெக்சிகோ முதலான இடங்களில் பல பண்ணைகளிடம் வாங்கினார்கள். 2022-ல் வறட்சியால் விளைச்சல் கெட்டதும் புது ஆர்டரே எடுக்க முடியாது என்று கடைகளுக்கு எழுதினார்கள். 2023-லும் தட்டுப்பாடு நீடித்தது. சில டாலருக்கு விற்ற புட்டி இணையத்தில் பல மடங்கு விலைக்குப் போயிற்று. கொள்ளை விலை வைத்தவர் யாரோ. அலமாரி காலியாக நின்று, வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவர் சில்லறைக் கடைக்காரர்.

மண்டியில் ஒரே ஆளிடம் வாய்வார்த்தையில் சரக்கு எடுக்கும் நம்மில் பலருக்கு இது உறைக்க வேண்டும். ‘அப்பா காலத்து உறவு, எழுத்து எதுக்கு?’ என்கிறோம். உறவு நல்லபடி இருக்கும்போது எழுதிக்கொள்வதுதான் சுலபம். கெட்ட பிறகு எழுத யாரும் உட்காரமாட்டார்கள்.

சிறியவர் தொடங்கியதைப் பெரியவர் கொண்டுபோவது அங்கேயும் பழைய கதைதான். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937-ல் தொடங்கிய மிட்லா என்ற மெக்சிகச் சிற்றுண்டிக்கடை. அதன் எதிரில் தின்பண்டக் கடை வைத்திருந்த க்ளென் பெல், அங்கே விற்ற மொறுமொறு டாக்கோவை உண்டு பார்த்து, செய்முறையைக் கற்றுக்கொண்டு, 1962-ல் டாக்கோ பெல் என்று தொடங்கினார். 1978-ல் பெப்சி கம்பெனி அதை வாங்கியது. 2010-ல் பெங்களூருக்கும் வந்துவிட்டது. மிட்லா அதே ஊரில் ஒரே கடையாக நின்றுவிட்டது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் எதிர்க்கடைக்காரர் நம் பண்டத்தைத் தின்று பார்த்து யோசிக்கும்போது நாம் என்ன யோசித்துக்கொண்டிருந்தோம் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

சரி, நம் கடைக்கு வருவோம். பெரிய முதலீடு வேண்டியதில்லை. இந்தச் சமையலுக்கு வேண்டிய சரக்கில் முக்கால்வாசி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: ராஜ்மா, சீரகம், வற்றல், பூண்டு, அரிசி, வேர்க்கடலை. நமக்குக் குறைவது சரக்கறிவு. ‘கார்ன் ஃப்ளோர்’ என்று நாம் விற்பது மக்காச்சோளத்தின் வெறும் மாச்சத்து. சாஸ் கெட்டிப்படத்தான் அது உதவும். அதில் டார்ட்டியா தட்ட முடியாது. சாதாரண மக்காச்சோள மாவிலும் சரியாக வராது, விரிசல் விட்டு உதிரும். மெக்சிகர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழுவி அரைக்கிறார்கள். அந்த மாவுதான் கையில் ஒட்டும், சத்தும் கூடும். ‘மாசா’ என்று எழுதிய பாக்கெட் அது. கேட்டவருக்கு மாவை மாற்றிக் கொடுத்தால் அவர் வீட்டு விருந்து கெடும், நம் பெயரும் கெடும். மாசா இல்லையென்றால் இல்லை என்று சொல்லி, கோதுமை டார்ட்டியா செய்யுங்கள் என்று மைதா, கோதுமை மாவைக் காட்டலாம். சப்பாத்தி தெரிந்த வீட்டுக்கு அது புதிதல்ல.

எள்ளெண்ணெய் விஷயமும் அப்படியே. கொரியரும் சீனரும் கடைசியில் ஊற்றும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. கருத்த நிறம், ஒரு தேக்கரண்டி போதும். நம் செக்கு நல்லெண்ணெயின் வாசம் வேறு. ஆரிகனோவிலும் மெக்சிக ஆரிகனோ வேறு செடி. அது கிடைக்காவிட்டால் பீட்சா கடைகளில் தூவும் ஆரிகனோவே போதும் என்று நேராகச் சொல்லிவிடலாம். நம் தக்காளித் தொக்கைச் சோள வறுவலோடு தொட்டுக்கொள்ள வைத்தால் வேண்டாம் என்பவர் குறைவு. அதற்கென்று ஒரு சிறு பாட்டிலை வறுவல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டார்ட்டியா கட்டுக்கு ஆயுள் குறைவு. பெட்டி பெட்டியாக எடுத்துவிட்டுப் பின்னால் தள்ளுபடிக்கு விற்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் துரித உணவுக் கடைக்காரரிடம் வாரத்துக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு, அந்த அளவோடு நாலு கட்டு கூட எடுத்தால் போதும். சைவ வாடிக்கையாளர் அதிகமுள்ள கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க வேண்டும். வெளிநாட்டுக் கோதுமை டார்ட்டியாவில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, பல சாஸ்களில் மீன் சாறு உண்டு. பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் பாட்டிலில் ஒட்டியிருக்க வேண்டும். பில் இல்லாமல் பாதி விலைக்குக் கொண்டுவந்து நீட்டுகிறவரின் பாட்டிலில் அந்தச் சீட்டு இருக்காது. ஆய்வாளர் வந்து நிற்கும்போது அவரும் நம் கடையில் இருக்கமாட்டார்.